கார்-டி செல் சிகிச்சை: அப்பச்சிக்குச் செய்யலாம் என்கிறார்கள், பக்கவிளைவுகள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கந்தாங்கி | ஞாயிறு, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 63 வயது. கழுத்தில் நெறி கட்டியதைப் பார்க்கப் போய் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. டிஎல்பிசிஎல் என்ற, வேகமாக வளரும் பி செல் வகை. ஆர்-சாப் கீமோ முழுச் சுற்றும் முடிந்து, ஒரு வருடம் போல நன்றாக இருந்தார்கள். அப்புறம் வயிற்றுக்குள் திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது கீமோவுக்கும் சரியாகக் கேட்கவில்லை.

இப்போது சென்னையில் கார்-டி செல் சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். ஒப்புதல் படிவம் ஒரு கத்தை கொடுத்திருக்கிறார்கள். அதில் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, மூளை பாதிப்பு, தொற்று, இன்னொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு, மரணம் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஆத்தா அதை வாசித்ததிலிருந்து சாப்பிடவே இல்லை.

சொந்தத்தில் ஆளுக்கொரு பேச்சு. பெரிய மாமா, ‘ஐசியுவில் போட்டு ஆளை முடித்துவிடுவார்கள்’ என்கிறார்கள். இன்னொருவர், ‘நம் உடம்புச் செல்லைத்தானே திரும்ப ஏற்றுகிறார்கள், பக்கவிளைவு எப்படி வரும்?’ என்கிறார். எது எவ்வளவு உண்மை? நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

செஞ்சை | ஞாயிறு, இரவு 10:05

வணக்கம் ஆச்சி. நானும் காரைக்குடிதான். சென்னையில் ரத்தப் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கார்-டி போட்டவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உண்டு.

நம் செல்தான், ஆனால் அதே செல் திரும்ப வருவதில்லை. ரத்தத்திலிருந்து டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லை மட்டும் பிரித்தெடுத்து, வீரியம் நீக்கிய வைரஸ் வழியாக ஒரு புது மரபணுவை உள்ளே செலுத்துகிறார்கள். அதனால் அந்தச் செல்லின் மேல்பரப்பில் சிடி19 என்ற குறியைக் கண்டுபிடிக்கும் ஓர் ஏற்பி முளைக்கிறது. பி செல் லிம்போமா செல்கள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அந்தக் குறி உண்டு. ஆய்வகத்தில் பெருக்கி, மூன்று நாள் ஃப்ளூடரபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள் கொடுத்து உடம்பில் இடம் உண்டாக்கிவிட்டு, ஏற்றுகிறார்கள். ஏற்றுவது ரத்தம் ஏற்றுவது போல அரைமணி நேர வேலைதான். அதற்கப்புறம்தான் எங்களுக்கு வேலை.

உள்ளே போன செல் புற்றைக் கண்டதும் பெருகும். பெருகும்போது சைட்டோகைன் என்ற ரசாயனங்கள் கொட்டும். கூடவே உடம்பின் மற்ற நோய் எதிர்ப்புச் செல்களும் கிளம்பி இன்னும் கொட்டும். முதலில் காய்ச்சல், 103 வரை கூடப் போகும். அதோடு நின்றால் முதல் நிலை. ரத்த அழுத்தம் இறங்கினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ இரண்டு, மூன்று என்று நிலை ஏறும். இதை சிஆர்எஸ் என்போம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்து போய்விடும்.

பெரிய மாமா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு இந்தச் சிகிச்சை கொடுத்தபோது உயிர் போகும் நிலை வந்துவிட்டது. ரத்தத்தில் ஐஎல்-6 என்ற சைட்டோகைன் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால், ஐஎல்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் பற்றி அவருக்குத் தெரியும். அதைக் கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தது. 2017 ஆகஸ்டில் முதல் கார்-டி மருந்துக்கு அனுமதி கொடுத்த அன்றே டோசிலிசுமாபையும் சிஆர்எஸ்ஸுக்காக அமெரிக்கா அனுமதித்தது. இன்றைக்கு செல் ஏற்றுவதற்கு முன்பே அந்த ஊசி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம்.

உங்கள் மருத்துவமனையிலும் கேளுங்கள்: டோசிலிசுமாப் எத்தனை டோஸ் இருப்பில் உண்டு, ராத்திரி 2 மணிக்கு யார் முடிவெடுப்பார்? கேட்பதில் தப்பே இல்லை.

சம்பை ஊற்று | திங்கள், காலை 6:45

ஆச்சி, எங்கள் வீட்டில் அவர்களுக்குப் போன வருடம் செய்தோம். அதே டிஎல்பிசிஎல்தான்.

காய்ச்சல் எனக்குப் பெரிய பயமாக இல்லை. மூளைப் பக்கம் வருவதுதான் என்னை ஆட்டிவிட்டது. தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு சோதனை வைப்பார்கள். இது எந்த வருடம், எந்த மாதம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். பேனா, கடிகாரம், பொத்தான் என்று மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். இரண்டு விரலைக் காட்டச் சொல்வார்கள். 100லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். மொத்தம் பத்து மார்க்கு.

அவர்கள் கணக்குப்பிள்ளை கையெழுத்துக்காரர். மேலே ‘சிவமயம்’ போட்டு, கீழே ‘கொப்புடைய நாயகி அம்மன் துணை’ என்று முத்து முத்தாக எழுதுவார்கள். ஆறாம் நாள் மாலையில் ‘சிவமயம்’ சரியாக வந்தது. கீழ் வரியில் ‘கொப்’ வரை எழுதிவிட்டு, ‘ப்’பையே திரும்பத் திரும்ப எழுதினார்கள். புள்ளி வைக்கிற இடத்தில் கோடு இழுத்தார்கள். ‘என்ன எழுதுகிறீர்கள்?’ என்று கேட்டால் சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அதுவரை ஒன்றுமே தெரியவில்லை. அந்தத் தாளை நர்ஸ் எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்று ராத்திரியே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். வலிப்பு வராமலிருக்க லெவிடிராசிடாம் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. மறுநாள் முழுக்க என் பெயர் வரவில்லை அவர்களுக்கு. அப்புறம் தெளிந்துவிட்டது. முழுசாகத் தெளிந்துவிட்டது, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் உங்களுக்கு.

கூட இருப்பவர் அப்பச்சியின் கையெழுத்தையும் பேச்சையும் அறிந்தவராக இருக்கட்டும். சம்பளத்துக்கு ஆள் வைப்பதை இந்த இரண்டு வாரம் தவிருங்கள்.

செஞ்சை | திங்கள், காலை 7:30

சம்பை ஊற்று ஆச்சி சொன்னதற்குப் பெயர் ஐகான்ஸ். பேச்சு தடுமாறுவது, கை நடுங்குவது, அதிகத் தூக்கம், அரிதாக வலிப்பு, மிக அரிதாக மூளை வீக்கம். சிஆர்எஸ் அடங்கும்போது வரலாம், அடங்கிய பின்னும் வரலாம். நம் நாட்டிலேயே உருவான நெக்ஸ்கார்19 என்ற கார்-டியின் ஆய்வில் இந்த நரம்புப் பிரச்சினை குறைவாகவே இருந்தது என்பது ஆறுதல். அதற்காகச் சோதனையை யாரும் விடுவதில்லை.

ஆத்தங்குடி கல் | திங்கள், காலை 11:10

நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன். மனதைத் தேற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் தம்பிக்குச் செய்தோம். வேறு ஊரில், பெயர் வேண்டாம். காய்ச்சல் வந்தது, போனது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாத ஸ்கேனில் கட்டி கரைந்திருந்தது. குன்றக்குடிக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்த அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் மாத ஸ்கேனில் திரும்ப வந்துவிட்டது. செல்லின் மேல் இருந்த சிடி19 குறியையே புற்று உதிர்த்துவிட்டது, இனி அந்த டி செல்லுக்கு அடையாளம் தெரியாது என்றார்கள். இப்படி நடக்கலாம் என்று முன்னால் ஒருவரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. படிவத்தில் எங்கோ ஒரு வரி இருந்தது.

பக்கவிளைவு என்றால் உடம்புக்கு வருவதை மட்டும் பேசுகிறோம். பூர்வீக வீட்டுப் பங்கை விற்றுத்தான் பணம் கட்டினோம். பலிக்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள் கந்தாங்கி. அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். செய்யாதே என்று சொல்ல வரவில்லை. தம்பி இருந்திருந்தால் அவனும் செய் என்றுதான் சொல்வான்.

தேவகோட்டை ரஸ்தா | திங்கள், மாலை 4:15

நான் பொது மருத்துவர், புற்றுநோய் நிபுணர் இல்லை. ஆனால் செய்து முடித்துவிட்டு ஊருக்கு வருகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். அதனால் சில விஷயம்.

ஆத்தங்குடி அண்ணன் கேட்கச் சொன்ன எண்: நெக்ஸ்கார்19ஐ ஐஐடி மும்பையும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கின. 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. 64 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025இல் லான்செட் ஹீமட்டாலஜியில் வந்தது. நோய் குறைந்ததோ மறைந்ததோ 73 விழுக்காட்டினரிடம். சிகிச்சையாலேயே இறந்தவர்கள் இருவர். ரத்த அணுக்கள் கடுமையாகக் குறைவதுதான் மிக அதிகமாகக் கண்ட பக்கவிளைவு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு குறைவது ஏறக்குறைய எல்லோருக்கும் வந்தது. மற்ற எல்லா வழியும் பார்த்துத் தோற்றவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த எண்களை எடைபோட வேண்டும்.

மக்கள் ஐசியுவைக் கண்டு பயப்படுகிறார்கள். ஐசியுவில் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். என் பயமெல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான். நியூட்ரோஃபில் ஒரு தடவை ஏறிவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் இரண்டாம் தடவை விழுவது இந்தச் சிகிச்சையில் சகஜம். அந்த நேரத்தில் ஆள் காரைக்குடியில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி 100.4 காய்ச்சல் வரும். வீட்டில் பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். காலையில் ரத்த அழுத்தம் இருக்காது.

100.4 தொட்டால் மாத்திரைக்கு முன் ஃபோன். அதே மாதிரி, பக்கத்து டாக்டர் நல்ல எண்ணத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடக் கூடாது, சிகிச்சை செய்த குழுவைக் கேட்காமல் போட்டால் ஏற்றிய செல்லையே அது பாதிக்கக்கூடும். கார்-டி போட்டவர் என்ற அட்டை கொடுப்பார்கள். சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும், ஃப்ளூடரபின் போட்டவர்களுக்கு அது கட்டாயம். மதுரையிலோ திருச்சியிலோ எந்த ரத்த வங்கியில் கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் தேட முடியாது.

வடக்கு வளவு | திங்கள், இரவு 8:40

நியூஜெர்சியிலிருந்து. அமெரிக்காவில் முன்பு நான்கு வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும், எட்டு வாரம் கார் ஓட்டக் கூடாது என்று விதி இருந்தது. 2025 ஜூனில் இரண்டையும் இரண்டு வாரமாகக் குறைத்துவிட்டார்கள். இத்தனை வருட அனுபவத்தில் பெரும்பாலான ஆபத்து முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். சென்னையில் வீடு வாடகை, சாப்பாடு என்று இழுத்துக்கொண்டு போகாமல் அதன்படி ஊருக்கு வந்துவிடலாமே?

இன்னொன்று. எங்கள் சித்தப்பாவுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்று, இங்கே பிசிஎம்ஏ என்ற வேறு குறியைத் தேடும் வகைக் கார்-டி செய்தோம். எல்லாம் நன்றாகப் போய், சில வாரம் கழித்து முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நரம்பு பாதிப்பு. மெதுவாகச் சரியானது. இந்த வகையில் சிலருக்கு நடை தளர்ந்து, முகபாவம் குறைந்து, பார்க்கின்சன் போலவும் தாமதமாக வரலாம் என்று எச்சரிக்கை உண்டு. உங்கள் அப்பச்சிக்குப் போடுவது சிடி19, இது பொருந்தாது. மைலோமாக்காரர்கள் யாரேனும் இந்த இழையைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

தேவகோட்டை ரஸ்தா | திங்கள், இரவு 9:25

தம்பி, அந்த இரண்டு வாரம் உங்கள் ஊருக்குச் சரி. கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸும், அரைமணி நேரத்தில் ஐசியுவும் இருக்கும் இடத்துக்காகக் குறைத்த விதி அது. காரைக்குடியிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். பல்லவன் ரயிலில் ஏறினால் பாதி நாள் போய்விடும். சிவகங்கை மாவட்டத்தில் கார்-டி நோயாளியைப் பார்த்துப் பழகிய ஐசியு எனக்குத் தெரிந்து இல்லை. நான்கு வாரம் சென்னையிலேயே இருக்கட்டும். வாடகைப் பணத்தில் சிக்கனம் பார்க்கிற இடம் இது இல்லை.

சம்பை ஊற்று | செவ்வாய், காலை 6:30

டாக்டர் அண்ணன் சொல்வதை நூறு தடவை ஆமோதிக்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு என்னைப் படுத்தியது சொந்தபந்தம்தான். அன்பில் வருகிறார்கள், மறுக்க முடியுமா? பள்ளத்தூரிலிருந்து ஒரு கார், கானாடுகாத்தானிலிருந்து ஒரு கார். ஒருவருக்கு இருமல். முகப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, உள்ளே விடாமல் அனுப்பினேன். ‘நோயாளியைப் பார்க்க விடாத வீடு’ என்று பேச்சு வந்தது. வரட்டும்.

அடுத்தது பங்காளிகள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகப் பழைய வீட்டைத் திறந்தார்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு. வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் வௌவால், புறா எச்சம், மழை ஒழுகி உத்திரமெல்லாம் பூசணம். கூட்டிப் பெருக்கும்போது புழுதி வெயிலில் மிதப்பது கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவர்கள், தானும் போயே தீர வேண்டும் என்றார்கள், தலைக்கட்டு இல்லாமல் எப்படி என்று. டாக்டரிடம் ஃபோனைக் கொடுத்தேன். அந்தப் புழுதியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் இந்த எதிர்ப்புச் சக்தியோடு தாங்காது என்று அவரே சொன்னார். அப்புறம்தான் அடங்கினார்கள். மகன் போய்க் கும்பிட்டு வந்தான்.

இன்னும் மாதம் ஒருமுறை இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்றுகிறோம். அது தனிச் செலவு, யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை.

செஞ்சை | செவ்வாய், காலை 7:50

அதற்குக் காரணம் இருக்கிறது. சிடி19 குறி புற்றுச் செல்லில் மட்டும் இல்லை, நல்ல பி செல்லிலும் உண்டு. கார்-டி இரண்டையும் அழித்துவிடும். பி செல் இல்லாவிட்டால் எதிர்ப்புப் புரதம் உண்டாகாது. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். தொற்று வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோலும் அசைக்ளோவிரும் பல மாதம் தொடரும், நன்றாக இருக்கிறோமே என்று நிறுத்திவிடக் கூடாது. உயிருள்ள கிருமித் தடுப்பூசி போடக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்து போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

குன்றக்குடி வாசல் | செவ்வாய், பிற்பகல் 1:00

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அத்தைக்கு மார்பகப் புற்று. இது அதற்கு ஆகுமா?

தேவகோட்டை ரஸ்தா | செவ்வாய், பிற்பகல் 2:20

ஆகாது அம்மா. இந்தியாவில் அனுமதியான கார்-டி எல்லாம் ரத்தப் புற்று, லிம்போமா வகைகளுக்குத்தான். மார்பகம், நுரையீரல், வயிறு போன்ற கட்டிகளுக்கு இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. யாராவது செய்து தருகிறோம் என்றால் எந்த அனுமதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். அத்தையின் வகையைச் சொல்லி அவர்கள் பார்க்கும் டாக்டரிடமே மற்ற வழிகளைக் கேளுங்கள், மார்பகப் புற்றுக்கு நல்ல மருந்துகள் நிறைய வந்திருக்கின்றன.

கந்தாங்கி | செவ்வாய், இரவு 9:00

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது. ஆத்தாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஆத்தங்குடி அண்ணன் எழுதியதையும் விடாமல் வாசித்தேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்தப் பிள்ளை பேர் என்ன’ என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, மாமா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஏதோ ஒரு கிளினிக்கில் உடம்புச் செல்லை எடுத்து ‘வீரியமேற்றி’ ஊசியாகப் போடுகிறார்களாம், எல்லாப் புற்றுக்கும் ஆகுமாம், பக்கவிளைவே கிடையாதாம், செலவு சில லட்சம்தான் என்கிறார். இரண்டாவது, படிவத்தில் ‘இரண்டாம் நிலைப் புற்றுநோய்’ என்று இருக்கிறதே, புற்றுக்குச் செய்யும் சிகிச்சையே புற்றைக் கொண்டுவருமா?

தேவகோட்டை ரஸ்தா | செவ்வாய், இரவு 10:10

முதல் கேள்விக்கு: வேண்டாம். இப்படி ‘வீரியமேற்றிய செல்’ என்று விற்பதில் பெரும்பாலானவற்றுக்கு லிம்போமாவைக் குணமாக்கும் என்று காட்டிய ஆய்வு கிடையாது. எல்லாப் புற்றுக்கும் ஒரே ஊசி என்றாலே எழுந்து வந்துவிடலாம். பக்கவிளைவு இல்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் அந்தச் செல் உள்ளே போய் ஒன்றுமே செய்யாமல் இருக்கும். இதற்கிடையில் அப்பச்சிக்கு இருக்கும் நேரம் போய்விடும், பெருகுகிற லிம்போமாவுக்கு ஒரு மாதம் என்பது பெரிய காலம். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருகிறது. இப்படிக் காலம் கடத்திவிட்டுக் கடைசியில் வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: வரலாம், ஆனால் அரிது. புது மரபணு டி செல்லின் மரபணுத் தொடரில் எங்காவது போய் ஒட்டுகிறது. தகாத இடத்தில் ஒட்டினால் அந்தச் செல்லே கட்டுப்பாடின்றிப் பெருக வாய்ப்பு உண்டு. 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை விசாரிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவு வரை 27,000க்கும் மேற்பட்ட டோஸ்களில் 22 பேருக்கு டி செல் புற்று வந்ததாகத் தெரியவந்தது. 2024இல் மருந்து உறையிலேயே எச்சரிக்கை போட வைத்தார்கள், வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கச் சொல்கிறார்கள். முன்பு வாங்கிய கீமோவாலும் இரண்டாம் புற்று வரும் வாய்ப்பு உண்டு. 63 வயதில், இப்போது கண்முன் வளர்கிற லிம்போமாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பயத்துக்காக நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. வருடாவருடம் பரிசோதனைக்குப் போவதை மட்டும் விடாதீர்கள்.

ஆத்தங்குடி கல் | புதன், காலை 5:50

மொத்தப் பணம் எவ்வளவு ஆகும் என்று யாரும் எழுதவில்லை. மருந்து மட்டும் 40 லட்சத்தை ஒட்டி வரும். அமெரிக்காவில் முதல் மருந்து வந்தபோது 4,75,000 டாலர் விலை, அதைப் பார்க்க இது குறைவு, ஆனால் நமக்கு இது மலை. முதலமைச்சர் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம்தான் வரம்பு. தனியார் காப்பீடு இருந்தால் செல் எடுப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஐசியு நாட்கள், டோசிலிசுமாப், பிளேட்லெட், இம்யூனோகுளோபுலின் எல்லாம் அந்த விலைக்குள்ளா வெளியிலா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேலூர் சிஎம்சியில் மருத்துவமனைக்குள்ளேயே செல் தயாரித்து ஆய்வாக நடத்தினார்கள், அங்கும் ஒரு கருத்துக் கேட்கலாம்.

ஆத்தாவிடம் சொல்லுங்கள், தம்பியை வீட்டில் சோமு என்றுதான் கூப்பிடுவோம்.

கந்தாங்கி | வியாழன், இரவு 8:30

சென்னைக்குப் போய் வந்தோம். கேட்கச் சொன்னது எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். டோசிலிசுமாப் இருப்பில் இருக்கிறது. நான்கு வாரம் பக்கத்தில் தங்குவதற்கு அவர்களே ஒத்துக்கொண்டார்கள், நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்தாயிற்று. கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் மதுரையில் எங்கே கிடைக்கும் என்று எழுதித் தந்தார்கள். பலிக்காமல் போகும் வாய்ப்பைப் பற்றி டாக்டர் அப்பச்சியிடமே நேராகப் பேசினார். அப்பச்சி முழுவதும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் செல் எடுக்கிறார்கள். கூட இருக்கப் போவது நானும் ஆத்தாவும்.

செஞ்சை | வியாழன், இரவு 9:15

நல்லது ஆச்சி. மஞ்சள்காமாலை பி கிருமிக்குப் பார்த்தாயிற்றா? பழைய தொற்று உள்ளே உறங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சிகிச்சையில் திரும்ப எழும்பிக் கல்லீரலைக் கெடுக்கும்.

கந்தாங்கி | வியாழன், இரவு 9:25

பார்த்தார்கள், ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ்.

செஞ்சை | வியாழன், இரவு 9:30

அது இப்போது கிருமி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பழைய தொற்று தெரிய ஆன்டி-ஹெச்பிசி என்று இன்னொரு சோதனை உண்டு. ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் செல் எடுப்பதற்கு முன் கேட்டுச் செய்துவிடுங்கள். பாசிட்டிவ் என்றாலும் சிகிச்சை நிற்காது, என்டெகாவிர் மாத்திரை கூடச் சேரும், அவ்வளவுதான்.

கந்தாங்கி | வியாழன், இரவு 9:50

அந்த வரி இல்லை. காலையில் முதல் வேலையாக ஃபோன் செய்கிறேன்.